பாரா-நைட்ரோஅனிலினின் பீட்டாவைக் கணக்கிடுவோம்

1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர் ஒரு படிகத்துக்குள் போய் 532 நானோமீட்டர் பச்சைக் கதிராக வெளியே வருவது நேரிலா ஒளியியலின் (பொருளின் எதிர்வினை ஒளிப்புலத்துக்கு நேர் விகிதத்தில் இல்லாத நிலையைப் படிக்கும் துறை) பிரபலமான விளைவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கன் குழுவினர் 1961இல் ரூபி லேசரையும் குவார்ட்ஸ் படிகத்தையும் கொண்டு இத்தகைய அதிர்வெண் இரட்டிப்பை முதன்முதலில் காட்டினார்கள். ஒரு கரிம மூலக்கூறுக்கு இதில் எவ்வளவு திறமை உண்டு என்பதைச் சொல்லும் எண்தான் பீட்டா. அதைக் கணக்கிட ஒரு மடிக்கணினியும் இரண்டு இலவச மென்பொருள்களும் போதும்: வரைய அவகாட்ரோ (Avogadro), கணக்கிட சை4 (Psi4).

படி 1: வரைதல். பாரா-நைட்ரோஅனிலின் என்பது இதுதான்: பென்சீன் வளையத்தின் ஒரு முனையில் அமினோ தொகுதி, நேர் எதிர் முனையில் நைட்ரோ தொகுதி. அமினோ எலக்ட்ரானைத் தள்ளுகிறது, நைட்ரோ இழுக்கிறது. மொத்தம் 16 அணுக்கள்தான்.

படி 2: வடிவத்தைச் சீராக்குதல். எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் கேம்-பி3எல்ஒய்பி (CAM-B3LYP) முறையையும், எலக்ட்ரான்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பான 6-31+ஜி(டி,பி) அடிப்படைத் தொகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தால் பலரும் எடுக்கும் பி3எல்ஒய்பி, மூலக்கூறு நீள நீள, பீட்டாவை ஊதிப் பெருக்கிக் காட்டும். அடிப்படைத் தொகுதியின் பெயரில் உள்ள அந்தக் கூட்டல் குறியையும் விட்டுவிடாதீர்கள். விளிம்பில் பரவிக் கிடக்கும் எலக்ட்ரான்களைக் கவனிப்பது அதுதான். முடிந்ததும் மூலக்கூறின் அதிர்வு அதிர்வெண்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். கற்பனை அதிர்வெண் (வடிவம் இன்னும் ஆற்றலின் அடிமட்டத்துக்கு வரவில்லை என்பதன் அறிகுறி) தென்பட்டால், அமினோ ஹைட்ரஜன்களைத் தளத்திலிருந்து சற்று வளைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

படி 3: மின்புலம் கொடுத்தல். இங்கேதான் நிதானம் வேண்டும். அமினோ நைட்ரஜனிலிருந்து நைட்ரோ நைட்ரஜனுக்குப் போகும் கோடு இசட் அச்சில் இருக்கும்படி மூலக்கூறைத் திருப்பி வையுங்கள். மென்பொருள் தன் விருப்பத்துக்கு அதைத் திருப்பவோ நகர்த்தவோ கூடாது என்றும், சமச்சீர்மையைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கட்டளையிடுங்கள். பிறகு வடிவத்தை மாற்றாமல் மூன்று கணக்குகள்: புலம் 0, +0.002, −0.002 அணு அலகு. சை4 கையேட்டில் ‘பெர்டர்ப்’ (perturb) என்று தொடங்கும் கட்டளைகள் இதற்கானவை. ஒவ்வொன்றிலும் இசட் திசை இருமுனைத் திருப்புத்திறனை (கீழே ‘மி’) அணு அலகில் குறித்துக்கொள்ளுங்கள்.

பீட்டா = [மி(+) + மி(−) − 2 × மி(0)] ÷ புலம்²

பீட்டா 1000 அணு அலகு என்று வைத்துக்கொண்டால், அடைப்புக்குள் கிடைப்பது வெறும் 0.004, அதாவது 0.01 டிபை (திருப்புத்திறனின் வழக்கமான அலகு). மூலக்கூறின் மொத்தத் திருப்புத்திறனோ 7 டிபையை ஒட்டியது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க, மென்பொருளின் இயல்பான துல்லியத்தை நம்ப முடியாது. ஆற்றலுக்கும் அடர்த்திக்கும் குவிதல் வரம்பை (கணக்கை எப்போது நிறுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் அளவை) பத்து தசம இடம் வரை இறுக்குங்கள். தொகையீட்டுக்காக மென்பொருள் எடுக்கும் புள்ளிகளின் கட்டத்தையும் நெருக்கமாக்குங்கள்.

படி 4: சரிபார்த்தல். புலத்தை 0.001 என்றும் 0.004 என்றும் மாற்றி மீண்டும் செய்யுங்கள். மூன்று விடைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் சரி. புலம் சிறியதாக இருக்கும்போது விடை தடுமாறினால் துல்லியம் போதவில்லை. பெரியதாக இருக்கும்போது விலகினால் உயர்படி விளைவுகள் கலந்துவிட்டன.

பீட்டாவின் ஓர் அணு அலகு 8.639 × 10⁻³³ இஎஸ்யூ (ஆய்வேடுகளில் வரும் நிலைமின் அலகு). ஆய்வேடுகளில் ‘யூரியாவைவிட இத்தனை மடங்கு’ என்று எழுதும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். யூரியாவின் பீட்டா மிகச் சிறியது. எந்தத் தள்ளு-இழு மூலக்கூறும் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பாரா-நைட்ரோஅனிலினோடு, அதே முறையில் கணக்கிட்டு, ஒப்பிடுவதே நேர்மையானது.

படி 5: வடிவமைப்பு. அமினோவுக்குப் பதில் டைமெத்தில்அமினோவை வைத்துப் பாருங்கள். அடுத்து, தள்ளும் முனைக்கும் இழுக்கும் முனைக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பையும் இன்னொரு வளையத்தையும் சேர்த்து ஸ்டில்பீனாக நீட்டுங்கள். பீட்டா பல மடங்கு எகிறும். கூடவே கிளர்வு ஆற்றல் குறைந்து, உட்கவர் அலைநீளம் பச்சையை நோக்கி நகரும். உண்டாக்கிய ஒளியை அந்தப் பொருளே விழுங்கிவிட்டால் பயனில்லை. எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரஞ்சார் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டு (TD-DFT) முறையில் உட்கவர் அலைநீளத்தையும் கணக்கிட்டு, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

படி 6: படிகத்தைப் பார்த்தல். பாரா-நைட்ரோஅனிலின் படிகமாகும்போது மூலக்கூறுகள் எதிரெதிராக அடுக்கப்பட்டு, சமச்சீர் மையம் உருவாகிறது. அதனால் மூலக்கூறுகள் உண்டாக்கும் இரட்டிப்பு அதிர்வெண் ஒளி (இரண்டாம் சீரிசை) ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. வளையத்தில் அமினோவுக்கு அடுத்த இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்த 2-மெத்தில்-4-நைட்ரோஅனிலினின் படிகத்தில் அந்த மையம் இல்லை. அது வலுவாக அதிர்வெண்ணை இரட்டிக்கிறது. அடுத்த பயிற்சியாக அதற்கும் மேலே சொன்ன மூன்று கணக்குகளைச் செய்யுங்கள். தனி மூலக்கூறின் பீட்டாவில் பெரிய மாற்றம் இருக்காது.