விளையாட்டைப் பரீட்சை ஆக்காதீர்கள்

நீலகிரியில் ஜூன் பிறந்துவிட்டால், மழையால் மைதானம் நம் கையில் இல்லை. கூடலூர், தேவாலா பக்கம் கேட்கவே வேண்டாம். பி.டி. பீரியட் வரும், பிள்ளைகளை வெளியே விட முடியாது, உடனே கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார். எல்லாருக்கும் தெரிந்த தவறுதான் இது. அதே சாக்பீஸால் தரையில் ஆடுபுலிக் கட்டம் போடலாமே! ஆடுகளுக்குக் கற்பூர மரக் காய், புலிகளுக்குக் கூழாங்கல். செலவே இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, விளையாட்டுக்குள் பாடத்தை ஒளித்து வைப்பது. பரமபதத்தில் ஏணிக்கு ஏணி வாய்ப்பாட்டுக் கேள்வி எழுதி வைத்தால், மறுநாள் யாரும் அந்த அட்டையைத் தொடமாட்டார்கள். பரீட்சையின் வாடை பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆடுபுலிக்கு அந்த ஒட்டுவேலை தேவையே இல்லை. 3 புலி, 15 ஆடு. எல்லா ஆடுகளும் இறங்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலியோ அதற்குள்ளேயே ஆட்டைத் தாண்டிக் காலிப் புள்ளிக்குத் தாவி அதை வெட்டலாம். ஆகவே ஒவ்வோர் ஆட்டை வைக்கும்போதும் அதற்குப் பின்னால் உள்ள புள்ளி காலியா என்று பார்த்தாக வேண்டும். "இங்க வெச்சா அங்க தாவிடும்" என்று விரலை ஊன்றியபடி முணுமுணுக்கிற நான்காம் வகுப்புப் பிள்ளை அந்த நேரத்தில் தர்க்கம்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம், சண்டை வந்ததும் ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்வது. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து முத்தா, ஆறா? வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். அவர்களே பேசி முடிக்கட்டும். 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் ஆடத் தொடங்கிய ஸ்னூக்கர் என்ற மேசைப் பந்தாட்டத்துக்கு, 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதி ஒட்டினார்கள் என்பார்கள். ஆட்டம் முதலில், விதி பிறகு! பத்தாம் வகுப்பில் 480 வாங்கியவர், வாதத்தில் தோற்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றால் அவரை நன்கு படித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் சொல்வதில் நியாயம் இருந்தால் 'சரி, அப்படியே ஆடலாம்' என்று இறங்கி வருவதும் படிப்புதான். அதற்கு எந்தப் பாடத்திலும் மதிப்பெண் கிடையாது.

கோப்பையும் வேண்டாம். பரிசு என்று ஒன்று வந்தால் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதைவிட, ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கத்தை மாற்றிவிடுங்கள். புலியாக ஆடி மாட்டிக்கொண்டவர் அடுத்த தடவை ஆடுகளை இறக்கும்போதுதான், தன்னை எந்த மூலையில் மடக்கினார்கள் என்பது அவருக்குப் பிடிபடும்.