எஞ்சினுக்குப் பிஸ்டனும் அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடும் தனித்தனியாக வாங்கும்போது எங்கே சறுக்குகிறது?

போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், ஒத்துப்போனால் பிஸ்டன் பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. போர் சொல்வது பிஸ்டனின் குறுக்களவை மட்டும். உயரக் கணக்கு தனி.

கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரையுள்ள உயரத்துக்குள் மூன்று அளவுகள் அடங்க வேண்டும்: ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) பாதி, ராடின் இரு துளைகளின் மையத்துக்கு மைய நீளம், பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள கம்ப்ரஷன் ஹைட். ஸ்ட்ரோக் 86 மி.மீ., ராட் 136, கம்ப்ரஷன் ஹைட் 32 என்றால் 43 + 136 + 32 = 211. பிளாக் உயரம் 211.2 என்றால் பிஸ்டன் 0.2 மி.மீ. உள்ளே நிற்கும், நல்லது. அதே பிஸ்டனுக்கு 138 மி.மீ. ராட் போட்டால் 1.8 மி.மீ. வெளியே வந்து ஹெட்டில் முட்டும். ராட் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவு கம்ப்ரஷன் ஹைட் குறைய வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறு சத்தமில்லாதது. பிஸ்டன் 2 மி.மீ. உள்ளே நின்றாலும் எஞ்சின் ஓடும். ஆனால் கம்ப்ரஷன் இறங்கும், ஸ்க்விஷ் இடைவெளி (மேலே வந்த பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ளது) பெரிதாகும். எரிதல் மந்தமாகி, கம்ப்ரஷன் குறைவாக இருந்தும் நாக்கிங் (எரிபொருள் தானாக வெடித்து எழும் தட்டல்) வரலாம். பிஸ்டன் உள்ளே நிற்கும் அளவும் அமுங்கிய கேஸ்கெட்டின் தடிமனும் சேர்ந்து ஸ்டீல் ராடுக்குச் சுமார் 1 மி.மீ. இருப்பது வழக்கம்.

அடுத்தது பின். விட்டம் ஒன்றாக இருந்தால் போதாது. பிரஸ் ஃபிட் ராடில் ஸ்மால் எண்ட் (ராடின் சிறிய முனை) பின்னை இறுகப் பிடித்துக்கொள்ளும். புஷ் (உள் வளையம்) வைத்த ஃப்ளோட்டிங் ராடில் பின் நழுவும். பின்னைத் தடுத்து நிறுத்தும் சர்க்ளிப் வளையத்துக்குக் காடி இல்லாத பிஸ்டனை ஃப்ளோட்டிங் ராடோடு சேர்த்தால் பின் பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். கழற்றிய சர்க்ளிப்பை மீண்டும் மாட்டவே கூடாது. ஸ்மால் எண்ட் அகலம் பிஸ்டனில் பின்னைத் தாங்கும் இரு பாஸ்களுக்கு நடுவே தாராளமாக அசைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிஸ்டன் கைக்கு வரும் முன்பே பிளாக்கை போர் செய்ய (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) கொடுப்பது அவசரக் குடுக்கை வேலை. 4032 என்ற அலுமினியக் கலவையில் ஏறத்தாழ 12% சிலிக்கான் இருப்பதால் சூட்டில் குறைவாக விரியும். 2618 கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு, அதனால் சிலிண்டர் சுவரோடு கூடுதல் இடைவெளி கேட்கும். பழைய பிஸ்டனின் இடைவெளியை 2618-க்கு வைத்தால் பிஸ்டனின் கீழ்ப்பக்கமான ஸ்கர்ட் சுவரில் பிடித்துக்கொள்ளும். தயாரிப்பாளர் தாளில் குறித்த இடத்தில் பிஸ்டனை அளந்த பிறகுதான் ஹோனிங் (சிலிண்டர் சுவரை இறுதியாகத் தேய்த்து அளவாக்குவது).

பிக் எண்டில் (ராடின் பெரிய முனை) ஒரு பக்கம் பெரிய சாம்ஃபர் (சரிவாக வெட்டிய விளிம்பு) இருந்தால் அது கிராங்கின் ஃபில்லெட் (வளைந்த உள்மூலை) பக்கம் திரும்ப வேண்டும்; மாறினால் பேரிங் ஓரம் தேயும். போல்ட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்ன லூப்ரிகன்ட் தவிர வேறு எண்ணெய் பூசினால் டார்க் (முறுக்கு விசை) எண் பொய்யாகிவிடும். முடிந்தால் போல்ட்டின் நீட்சியை ஸ்ட்ரெச் கேஜில் அளப்பது மேல்.

கடைசியாக, வால்வு பிஸ்டனில் இடிக்காதா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டி, வால்வு டைமிங் வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நசுங்கிய களிமண்ணை வெட்டி அளந்தால் இன்டேக் வால்வுப் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கம் 2.5 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும்.