பழைய சொகுசு செடான் வாங்குமுன்: பெருஞ்செலவு ஒளிந்திருக்கும் இடங்களைப் பார்ப்பது எப்படி?

பத்தாண்டு ஓடிய பி.எம்.டபிள்யூ 320டி இன்று ஒரு புதிய ஹேட்ச்பேக்கின் விலைக்கே கிடைக்கிறது. கார் விலை அவ்வளவு இறங்கியிருந்தாலும் அதற்குப் போடும் உதிரிபாகத்தின் விலை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை என்பதைத்தான் முதல்முறை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெயின்ட் பளபளப்பையும் சீட்டின் தோலையும் பார்த்து மயங்காமல், எது கெட்டால் செலவு அதிகமோ அதை முதலில் பார்ப்பது என்ற வரிசையில் இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, 2012-இல் இந்தியாவுக்கு வந்து சென்னைக்கு அருகிலுள்ள தொழிற்சாலையில் பாகங்களைக் கோத்து உருவாக்கப்பட்ட, எஃப்30 தலைமுறை டீசல் 320டி காரையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்

காரைப் பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. நான் முதன்முதலில் பார்க்கப் போன காரின் பானெட், காலை எட்டு மணிக்கே தோசைக்கல் போலக் கொதித்தது. "இப்பதான் சார் வாட்டர் வாஷ் விட்டுட்டு வந்தோம்" என்றார் புரோக்கர். ஆனால் சக்கர வளைவுக்குள் முந்தைய வாரத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. சூடேறிய இஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும் என்பதால், அன்றைக்கு அந்தக் காரை மேற்கொண்டு பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

இந்தக் காரின் முற்பகுதி ஆண்டுகளில் வந்தவற்றில் இருப்பது என்47 என்ற டீசல் இஞ்சின். இதன் டைமிங் செயின் (வால்வுகளும் பிஸ்டன்களும் ஒரே தாளத்தில் இயங்கச் செய்யும் சங்கிலி), பெரும்பாலான இஞ்சின்களில் உள்ளதுபோல் முன்பக்கத்தில் இல்லாமல், கியர்பாக்ஸ் ஒட்டியிருக்கும் பின்பக்கத்தில் அமைந்திருக்கிறது. எனவே செயின் தேய்ந்துவிட்டால், அதைத் தொடுவதற்கே இஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். செயினின் விலையைக் காட்டிலும் கூலி பெரிதாகிவிடும் வேலை இது. ஓடும்போதே அறுந்தால் இஞ்சின் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதி, மொத்த இஞ்சினும் போய்விடக்கூடும். இந்தக் குறை இதே இஞ்சின் வந்த பழைய கார்களில்தான் கூடுதலாகப் பேசப்பட்டது. பின்னால் வந்தவற்றில் பாகங்களைத் திருத்தினார்கள். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதற்குக் காசா, பணமா?

நண்பர் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடிப் பக்கமாகக் காதை வைத்து நில்லுங்கள். டீசலின் வழக்கமான படபடப்புக்கு நடுவே, சங்கிலியைத் தகரத்தில் இழுத்ததுபோன்ற உரசல் ஒலி கேட்டால், அதுவும் 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை ஏற்றும்போது தொடர்ந்தால், மெக்கானிக்கிடம் காட்டாமல் விலை பேச வேண்டாம். அதோடு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார்கள் என்பதை பில்களில் பாருங்கள். செயினின் ஆயுளில் பெரும்பங்கு ஆயிலைப் பொறுத்தது.

படி 2: கியர்பாக்ஸ்

இதில் உள்ளது இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். நல்ல உழைப்பாளியான கியர்பாக்ஸ் என்பது என் கருத்து. ஆனால் "இந்த ஆயிலை வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்று சொல்லக் கேட்பீர்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வருவதால், மாற்றும்போது தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 1,20,000 தாண்டிய காரில் இந்த வேலைக்கான பில் இல்லையென்றால், அந்தச் செலவை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நெடுஞ்சாலையில் விரட்டுவதால் பயனில்லை. நெரிசலில் மெல்ல ஊர்ந்து, நிற்கப்போகும் வேளையில் யாரோ பின்னாலிருந்து இடித்ததுபோல் ஒரு வெட்டு வருகிறதா என்று கவனியுங்கள். டி-யிலிருந்து (முன்னே செல்லும் நிலை) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றியபின் ஓரிரு வினாடி தயங்கித்தான் கார் நகர்கிறது என்றாலும் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: தண்ணீரில் நின்ற காரா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சொகுசுக் கார்களில் கம்பிக்கூட்டமும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் கம்பளத்துக்கு அடியிலும் ஓடுவதால், ஒருமுறை உள்ளே நீர் புகுந்தால், கார் ஓடினாலும் ஆண்டுக்கணக்கில் ஏதாவது ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். காரைக் கழுவுகிறவர்கள் தொடாத இடம் அது. அங்கே மண்நிறக் கோடு ஒன்று இருந்தால் போதும், நீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதையும் அதுவே காட்டிவிடும். பிறகு டிக்கியின் கம்பளத்தைத் தூக்குங்கள். 320டி-யில் பேட்டரி அங்கேதான் வலப்பக்கக் குழியில் இருக்கிறது. குழியின் மூலையில் வண்டல் படிந்திருந்தாலோ, சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தாலோ, காருக்குள் சென்ட் வாடை தூக்கலாக இருந்தாலோ, அந்தக் காரை விட்டுவிடலாம். இதற்குப் பேரம் பேசி விலை குறைப்பதைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: சஸ்பென்ஷன்

சாதாரண ஸ்பிரிங் உள்ள 320டி-யில் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றோடு செலவு முடிந்துவிடும். வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போது "டொக் டொக்" என்ற ஒலியைக் கேட்டாலே தெரியும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) உள்ள மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் போன்றவற்றைப் பார்க்கிறீர்கள் என்றால் கதை வேறு. இரவெல்லாம் நின்ற காரின் நான்கு டயர்களுக்கும் மேலுள்ள இடைவெளியை விரல்களால் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்து, ஸ்டார்ட் செய்ததும் கம்பிரசர் முனகிக்கொண்டு அதை மெல்ல உயர்த்தினால், அந்த மூலையில் காற்று கசிகிறது. தொடர்ந்து உழைப்பதால் கம்பிரசரும் விரைவில் போகும்.

படி 5: ஸ்கேனர்

இக்னிஷனை ஆன் செய்தவுடன் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், அதை யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம்.

அடுத்து, காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரோடு ஒரு தனி மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். "பிழை எதுவுமில்லை" என்று ஸ்கேனர் காட்டினால் உடனே மகிழ்ந்துவிடாமல், பிழைகளை அழித்தபின் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கையும் கேளுங்கள். அது 10, 12 கிலோமீட்டர் என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன்தான் அழித்திருக்கிறார்கள் என்று பொருள். ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை, மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவான கிலோமீட்டரோடும் பழைய சர்வீஸ் பில்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இப்போதே முடிக்க வேண்டிய வேலை.

டயரைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் போதும்: 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ரன்-ஃப்ளாட் டயர்கள் (பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓடக்கூடியவை) நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுவது சிறிய செலவில்லை.

படி 6: ஆவணங்களும் முன்பணமும்

டி.எல். என்று தொடங்கும் டெல்லிப் பதிவெண்ணோடு மலிவாக ஒரு டீசல் கார் கண்ணில்பட்டால், காரணம் பெரும்பாலும் பத்தாண்டு கடந்த டீசல் கார்களுக்குத் தலைநகரப் பகுதியில் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுதான். அதை இங்கே ஓட்ட, ஃபார்ம் 28 வழியாக என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) பெற்று, மறுபதிவு செய்து, இங்கேயும் சாலை வரி கட்ட வேண்டும். "மலிவு" அங்கேயே கரைந்துவிடும். எந்த மாநிலத்துக் காராயினும், அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள வாகன் இணையதளத்தில் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். கடன் முடிந்திருந்தால் ஃபார்ம் 35-உம், பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30-உம் கையெழுத்தாகி வர வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின், மெக்கானிக் சொன்ன குறைகளுக்கு ஒரு பணிமனையில் எழுத்துமூலம் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் தாளில், "ஸ்கேன் அறிக்கையில் இஞ்சின் அல்லது கியர்பாக்ஸ் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரியை எழுத விற்பவர் தயங்கினால், பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.