முதல் தடவை இங்கிலீஷ் ஒயின் தோட்டத்துக்குப் போகிறீர்களா? முதலில் ரயில் டிக்கெட்

லண்டனுக்கு வந்து ஆறு வருடம் கழித்துத்தான் இந்த ஊரிலும் திராட்சை விளைகிறது என்றே எனக்குத் தெரியும். அதன்பிறகு மூன்று தோட்டங்கள் போய்வந்தாயிற்று. ஒன்றில் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையும் உண்டு. நீங்களும் அப்படித் திரும்பக் கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

1. லேபிளைப் படியுங்கள்

'இங்கிலீஷ் ஒயின்' என்றால் இங்கிலாந்தில் விளைந்த திராட்சையில் செய்தது. 'பிரிட்டிஷ் ஒயின்' என்று போட்டிருந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த திராட்சைச் சாற்றையோ அடர்சாற்றையோ இங்கே நொதிக்க வைத்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று நான் முதலில் வாங்கியது இரண்டாவது ரகம். இருமல் மருந்தே தேவலாம்.

2. எதில் தொடங்குவது?

யோசிக்கவே வேண்டாம், நுரைக்கும் ஒயின்தான். தென் இங்கிலாந்தின் பல தோட்டங்கள் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் இருப்பது போன்ற சுண்ணாம்புப் பாறை மண்ணில் இருக்கின்றன. குளிரில் மெல்லப் பழுப்பதால் பழத்தில் புளிப்பு குறையாது. நுரைக்கும் ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர். மேற்கு சஸ்ஸெக்ஸில் நைட்டிம்பர் என்ற தோட்டம் 1988இல் ஷாம்பெயினின் மூன்று திராட்சை ரகங்களையும் (ஷார்டனே, பினோ நுவா, மெனியே) நட்டபோது பலருக்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்கும். 2015இல் ஷாம்பெயின்காரர்களான டெட்டிஞ்சரே கென்ட்டில் நிலம் வாங்கிவிட்டார்கள்.

நுரை பிடிக்காதவர்கள் பாக்கஸ் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய புல், எல்டர் பூ வாசம் அடிக்கும். இங்கிலீஷ் சிவப்பு ஒயின்? ஆரம்பத்தில் வேண்டாம் என்பது என் கட்சி.

3. போவதும் வருவதும் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

வரைபடத்தில் பார்த்தால் ஸ்டேஷனிலிருந்து ஐந்தே மைல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கிளம்பினோம். இறங்கினால் பேருந்து இல்லை. டாக்ஸிக்குப் போன் செய்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நடந்தோம். நடைபாதையே இல்லாத கிராமத்து ரோடு, இரண்டு பக்கமும் வேலி, கார் வரும்போதெல்லாம் புதரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதியாம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அதே ஐந்து மைல். அன்றைக்கு மனைவி சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். தோட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வழி தேடாதீர்கள். வழியைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் தடவைக்கு சரே மாவட்டத்தில் டார்க்கிங் பக்கம் இருக்கும் டென்பீஸ் தோட்டம் போதும். லண்டனின் வாட்டர்லூ, விக்டோரியா ஸ்டேஷன்கள் இரண்டிலிருந்தும் டார்க்கிங்குக்கு நேர் ரயில் உண்டு. இறங்கி இருபது நிமிடம் நடந்தால் போதும், நடைபாதையும் உண்டு. 1986இல் திராட்சைக் கொடி நடத் தொடங்கி, இன்று 265 ஏக்கர். கொடிகளுக்கு நடுவே பொது நடைபாதை போவதால், சும்மா நடந்து பார்க்கக் காசு கிடையாது. சுற்றிக்காட்டலும் ருசிபார்த்தலும் வேண்டுமென்றால் முன்பதிவு.

கார் வேண்டாமா என்கிறீர்களா? ஓட்டுகிறவர் குடிக்க முடியாது, அவ்வளவுதான். இங்கே 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால் வரை சட்டம் விடும் என்றாலும், அந்தக் கணக்கைத் தலைக்குள் போட்டுக்கொண்டு ஒயினை எப்படி ரசிப்பது?

4. ருசிபார்ப்பது

கோப்பையைச் சுழற்று, முகர், ஒரு வாய். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, மேசைமேல் இருக்கும் அந்தக் குடுவை எதற்கு என்பது. துப்புவதற்கு! காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று எனக்கும் கை வரவில்லை. ஐந்தாவது கோப்பையில் எல்லா ஒயினும் ஒரே மாதிரி இனித்தபோதுதான் புரிந்தது. நுரைக்கும் ஒயின் லேபிளில் 'ப்ரூட்' என்று இருந்தால் இனிப்பு மிகக் குறைவு. முதல் வாய் முகம் சுளிக்க வைக்கும், இரண்டாவது வாயைக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். புளிப்புக்கு அடியில் ரொட்டி வாசம் வந்தால், அது பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடந்ததால்.

5. வீட்டில்

நன்றாகக் குளிரவிடுங்கள். கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். கல்யாண வீடியோ மாதிரி 'டப்' என்று தெறிக்க விட்டால் பாதி நுரை தரைக்குத்தான். ஒல்லியான உயரக் கோப்பை எனக்குப் பிடிக்காது, வாசனையே வராது. சாதாரண வெள்ளை ஒயின் கோப்பைதான் சரி.

தொட்டுக்கொள்ள? பொரித்தது எதுவும். வறுத்த மீனும் சிப்ஸும் இந்த ஊர்க்காரர்கள் தேர்வு. மெதுவடை என் தேர்வு, எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு கழுவிவிடும். மிளகாய்ச் சட்னியை மட்டும் தள்ளி வையுங்கள், நுரை அந்தக் காரத்தை இரட்டிப்பாக்கும்.

பின்சேர்க்கை: 'ஒயின் சைவம்தானே?' என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தோன்றவே இல்லாத கேள்வி! எல்லாம் சைவம் இல்லை. கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பை, முட்டை வெள்ளை, பால் புரதம் போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. களிமண்ணால் தெளியவைப்பவர்களும் இருக்கிறார்கள். லேபிளில் 'வீகன்' (பால், முட்டைகூடச் சேராதது) என்று போட்டிருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் தோட்டத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று: பிப்ரவரியில் போய் 'வெறும் குச்சிதான் நிற்கிறது' என்று திட்டி எழுதிய நண்பருக்கு: செப்டம்பர் கடைசியில் போங்கள். அறுவடைக்கு முன் குலை தொங்கும்.