எஸ்யூவி என்று பெயர், ஆனால் உயரமான சின்ன கார்: தினமும் ஓட்டுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நெக்ஸான், வென்யூ, சோனெட், பிரெஸ்ஸா என்று நாம் எஸ்யூவி சொல்லிக்கொள்வதெல்லாம் நாலு மீட்டருக்குள் அடங்கிய, முன்சக்கரம் மட்டும் இழுக்கிற, கொஞ்சம் தூக்கிக் கட்டிய கார்கள்தான். அந்த நாலு மீட்டர் கணக்கே வரிக்காக வந்தது. நீளம் அதற்குள் இருந்து, பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசியைத் தாண்டாமல் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. பிரெஸ்ஸாவின் நீளம் 3,995 மில்லிமீட்டர்தான், ஆனால் இன்ஜின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்பதால் அந்தச் சலுகை அதற்குக் கிடையாது. இது சின்ன கார்தான் என்பதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், மூன்று வருஷமாக 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் மேனுவல் வண்டி ஒன்றை மேடவாக்கத்துக்கும் கிண்டிக்கும் இடையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி, உயரத்தில் உட்கார்ந்ததும் தானாக வந்த தைரியத்தால் வந்தவை.

சீட்டிலிருந்து தொடங்கலாம். புது வண்டி வந்ததும் எல்லோரும் சீட்டை உச்சிக்கு ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள், பானெட் முனை தெரிய வேண்டுமாம். எவ்வளவு ஏற்றினாலும் முனை முழுசாகத் தெரியாது, மூக்குக்கு முன்னால் இரண்டடி உயரத்தில் நிற்கிற குழந்தையும் தெரியாது. அதனால் ஸ்டில்ட் பார்க்கிங்கில் வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுங்கள், அப்படியே பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். கீழே நாய் படுத்திருக்கும், மழைக்காலத்தில் இன்ஜின் சூட்டுக்குப் பூனை ஏறி உட்கார்ந்திருக்கும். கிளட்சை முழுசாக மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு வராமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்து, முன்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற அந்தத் தடித்த தூண். பள்ளிக்கரணை பக்கம் ஒரு சந்திப்பில் வலதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன், ரோடு காலி என்றுதான் நினைத்தேன். ஸ்கூட்டியில் ஓர் அக்கா, பின்னால் பையனை வைத்துக்கொண்டு, நான் திரும்புகிற வேகத்துக்குச் சரியாக அந்தத் தூணின் மறைவிலேயே நகர்ந்து வந்திருக்கிறார். பம்பருக்கு முன்னால் வந்த பிறகுதான் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து திரும்பும்போதெல்லாம் உடம்பை முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும்.

டிராஃபிக்கில் டர்போ பெட்ரோலுக்கு என்று ஒரு பழக்கம் வேண்டும். என் வண்டி 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும், மேலே போனதும் திடீரென்று எழுந்து ஓடும். மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே திணறவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பதைவிட இரண்டாவதுக்கு இறக்கிவிடுவது இன்ஜினுக்கும் நல்லது, மைலேஜுக்கும் பெரிய நஷ்டமில்லை. மால் பேஸ்மென்ட் சரிவில் வரிசை நின்றால் அரைக் கிளட்சில் தொங்கவிடாமல் ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள். ஆட்டோமேட்டிக் வாங்கப்போகிறவர்கள் எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும். ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றவைத்தது, விலை குறைவு, கியர் மாறும்போது தலையாட்டும். டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது, ஊர்ந்து போகிற டிராஃபிக்கைப் பொறுத்துக்கொள்ளும். டூயல் கிளட்ச், அதிலும் உலர் கிளட்ச் வகை, அடி அடியாக நகர்த்தினால் சூடேறி எச்சரிக்கை காட்டும், அதனால் முன்வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டாமல் ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு ஒரே மூச்சில் நகர்த்துங்கள். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும். டீசல் ஆசை இருந்தால், தினம் ஓடுவது ஐந்தாறு கிலோமீட்டர்தானா என்று முதலில் கணக்குப் போடுங்கள். பிஎஸ்6 என்கிற இப்போதைய புகை விதிப்படி வருகிற டீசலில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது, அவ்வப்போது இன்ஜின் நன்றாகச் சூடேறி இருபது நிமிஷம் தொடர்ந்து ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். மார்க்கெட்டுக்குப் போய்வருகிற ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும்.

பெயின்ட் அடிக்காத வேகத்தடைதான் நம் ஊரின் நிரந்தரத் தேர்வு. இந்த வண்டிகளின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதால் தட்டாது, அதற்காகப் பறந்து தாண்டக் கூடாது. பிரேக்கைத் தடைக்கு முன்பே முடித்துக்கொண்டு, சக்கரம் ஏறுகிற நேரத்தில் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடியே ஏறினால் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், மிச்ச அடி முழுவதையும் சஸ்பென்ஷன் வாங்கும்.

அப்புறம் தண்ணீர். 200 மில்லிமீட்டர் உயரம் என்றால் அவ்வளவு தண்ணீரில் மிதக்கலாம் என்று அர்த்தமில்லை. இன்ஜின் மூச்சுவிடுகிற குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு, அதைப் பானெட்டைத் திறந்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். என் விதி சுலபம்: முன்னால் போகிற வண்டியின் சக்கரத்தில் பாதி மறைந்தால் யூ டர்ன். போயே ஆக வேண்டும் என்றால் முதல் கியரில் ஒரே சீராக, நடுவில் கியர் மாற்றாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போங்கள். எதிரே பஸ் வந்தால் அது போய் அலை அடங்கும் வரை காத்திருங்கள், மூழ்கிற வண்டிகளை மூழ்கடிப்பது பெரும்பாலும் அந்த அலைதான். கரையேறியதும் பிரேக்கை மெதுவாக இரண்டு மூன்று தடவை மிதித்து உலர்த்துங்கள். நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்தாலும் சரி, மறுபடி ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடை வளைத்துவிடும். இறங்கித் தள்ளுங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்தச் சேதத்தைப் பொதுவாக ஏற்காது, ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்பதை ஊரே பார்த்ததுதானே.

மணலில் என் கதை இன்னும் கேவலம். கோவளம் பக்கம் சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் தெரிகிற மாதிரி நிறுத்தலாம் என்று மச்சானிடம் ஜம்பமாகச் சொல்லிக்கொண்டே இறக்கினேன். டேஷ்போர்டில் மணல், சேறு என்று படம் போட்ட திருகு ஒன்று இருக்கிறது, அதைத் திருப்பினால் பின்சக்கரத்துக்குச் சக்தி போகாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முன்சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்குத்தானே குழி தோண்டி, கடைசியில் வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. “எஸ்யூவின்னு சொன்னீங்களே மாமா” என்று மச்சான் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். படகு கட்டுகிற கயிறு போட்டு இழுத்துவிட்ட மீனவர்கள் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. நீங்கள் மாட்டினால் மேற்கொண்டு சுற்றவிடாமல் உடனே நிறுத்துங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, கால்மிதியைச் சக்கரத்தடியில் செருகி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வெளியே வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது.

மலை ஏறுவது பிரச்சினையில்லை, இறங்குவதுதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையில் 40. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கருகிய வாடை வரும், கொஞ்ச நேரத்தில் மிதித்தாலும் பிடிக்காது. வண்டி உயரம் என்பதால் வளைவில் சாயும், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள்.

டயர் காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், என் வண்டிக்கு 33. பங்கில் இருக்கிற தம்பி “பெரிய வண்டிண்ணா, நாற்பது வைக்கட்டா?” என்பார். வேண்டாம். அந்த அளவு டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியது, பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுகிற சின்ன பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வாக்குவாதமே இல்லை.

சன்ரூஃப் இருப்பவர்கள் கவனிக்க. அதன் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. நான் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவன். சித்திரையில் உதிர்ந்த பூ உள்ளே போய் அடைத்து, ஐப்பசி மழையில் கூரை விளக்கு வழியாக மனைவியின் மடியில் சொட்டியது. மாதம் ஒரு தடவை திறந்து துணியால் துடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை மூலையில் மெதுவாக விட்டுப் பாருங்கள், சக்கரத்துப் பக்கம் கீழே வழிந்தால் சரி. எலிக்கு நான் இன்ஜின் பக்கம் புகையிலைப் பொட்டலம் கட்டிவைக்கிறேன், வாசனை போனதும் மாற்றினால் வேலை செய்கிறது என்றுதான் தோன்றுகிறது.

சர்வீஸில் ஒரு தடவை, எங்கே என்று சொல்லவில்லை, நான் கேட்காமலே இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பூச்சு என்று ஜாப் கார்டில் 6,000 ரூபாய்க்கு மேல் ஏற்றியிருந்தார்கள். ஓனர் மேனுவலைத் திறந்து, இந்தக் கிலோமீட்டருக்கு இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன், அதையெல்லாம் கார்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தப் புத்தகம் எப்போதும் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

மாதாமாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஃபாஸ்டேக் வருட பாஸ் கட்டுப்படியாகும், 2025 ஆகஸ்டில் வந்தபோது விலை 3,000 ரூபாய், 200 தடவை சுங்கச்சாவடி கடப்பது அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச்சாலைகளில்தான் செல்லும், மாநிலச் சாலைகளில் செல்லாது. கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள், சில வண்டிகளில் அது மற்ற டயர்களைவிடச் சின்னது, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கும். சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். நட்டைத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கியை ஏற்ற வேண்டும், கம்பெனி கொடுக்கிற ஸ்பேனர் கைப்பிடி குட்டை, கையால் வராது, மேலே ஏறி மிதித்தால் வரும்.