குழந்தைக்கு வயலின்: எதை எப்போது மாற்றுவது?

இசை மேதை மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட் மோட்சார்ட் 1756-இல் வெளியிட்ட வயலின் பாடநூலில் இசைக் குறியீடுதான் முதல் அத்தியாயம். வயலினைப் பிடிப்பது அதற்குப் பிறகுதான். 20-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி இந்த வரிசையைப் புரட்டிப் போட்டார்: தாய்மொழியைப் போல முதலில் கேட்கட்டும், படிப்பது பிறகு. சின்னக் குழந்தைக்கு இதுவே சரி. ஆனால் ஆரம்பத்தில் உதவுகிற எந்த ஏற்பாடும் நிரந்தரமல்ல.

முதலில் அளவு. வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கிய நிலையிலேயே விரல்கள் சுருள் முனையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் வயலின் பெரிது. ‘வளர்ந்துவிடுவான்’ என்று பெரிதாக வாங்கினால் தோள் தூக்கும், மணிக்கட்டு உள்ளே மடியும்.

வில்லில், தொடக்கத்தில் கட்டைவிரலை அடிக்கட்டைக்கு (வில்லைப் பிடிக்கும் முனையில் உள்ள கட்டை) வெளியே, கீழ்ப்புறம் வைக்கலாம். கட்டைவிரல் வளைந்தபடியும் சுண்டுவிரல் குச்சியின் மேல் வழுக்காமலும் நின்ற பிறகு உள்ளே மாற்றுங்கள். அவசரப்பட்டால் கட்டைவிரல் நேராகிப் பூட்டிக்கொள்ளும், ஒலி கரகரக்கும். வலது அக்குளில் புத்தகத்தை இடுக்க வைக்கும் பழைய பயிற்சி வேண்டாம். ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு தந்திகளில் தடித்த ஜி தந்திக்கு முழங்கை மேலே எழும்பியாக வேண்டும்.

விரல் விழ வேண்டிய இடத்தைக் காட்ட விரல்பலகையில் ஒட்டும் டேப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒட்டுவது எளிது, எடுக்க மனம் வராது. குழந்தையும் காதை விட்டுவிட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாம் விரலின் டேப்பை (ஆள்காட்டி விரல்தான் முதல் விரல், மோதிர விரல் மூன்றாவது) முதலில் எடுங்கள். ஏ தந்தியில் மூன்றாம் விரல் சரியாக விழுந்தால் வரும் டி சுரம், திறந்த (விரல் வைக்காத) டி தந்தியின் ஒலிக்கு ஒரு ஸ்தாயி மேலே. அப்போது யாரும் தொடாத டி தந்தி தானாகவே அதிரும். உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த அதிர்வு மங்கிவிடும். இதைவிட நல்ல கோடு கிடையாது. அடுத்து முதல் விரலின் டேப்: டி தந்தியில் அது தரும் ஈ, திறந்த ஈ தந்தியை அதிர வைக்கும். இரண்டாம் விரலுக்கு இப்படி ஒத்தொலிக்கும் திறந்த தந்தி இல்லை. எனவே அதன் டேப் கடைசி வரை இருக்கட்டும்.

பயிற்சி நேரமும் அப்படியே. ஒரே மூச்சில் அரை மணி நேரத்தைவிட, ஐந்து நிமிடமாக இருமுறை மேல். கவனம் நீள நீள நேரத்தைக் கூட்டுங்கள்.

விரலைப் பார்க்காமல் சில மெட்டுகள் வாசிக்க வந்ததும் குறியீட்டைத் தொடங்கலாம். முதலில் தாளத்தை மட்டும் கைதட்டிப் படிக்கட்டும், சுரம் அப்புறம். ரொம்பத் தள்ளிப்போட்டால், காது கூர்மையான குழந்தை ஒருமுறை கேட்டுவிட்டுத் தாளைப் பார்ப்பது போல் நடிக்கும். தெரியாத மெட்டின் தாளை நீட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்த அளவு வயலினுக்கு மாறும்போது விரல் இடைவெளி கூடும். பழைய இடைவெளியிலேயே விரல் விழுவதால் சுருதி குறைந்து ஒலிக்கும். சில நாள் மெதுவான மெட்டுகளும் அந்தத் தந்தி அதிர்வுச் சோதனையும் போதும். டேப்பை மறுபடி ஒட்டாதீர்கள்.