உல்லாசக் கப்பலுக்கு நம் சொந்த ஒயினும் சோடாவும் கொண்டுபோவது எப்படி

அமெரிக்காவின் மயாமியில் ஏறும் கார்னிவல் நிறுவனத்தின் உல்லாசக் கப்பலையே எடுத்துக்கொள்வோம். 21 வயது நிரம்பியவர் ஆளுக்கு ஒரு 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெய்ன் பாட்டில் கொண்டுபோகலாம். மூடி திறந்திருக்கக் கூடாது. குளிர்பானம் என்றால் ஆளுக்கு 12 டின் அல்லது அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றும் 355 மில்லிக்குள். கண்ணாடி, பிளாஸ்டிக் பாட்டில் குளிர்பானங்களுக்கு அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டிலுக்கும் அதே தடைதான், பலர் மாட்டுவது அதில்தான். ராயல் கரீபியன் என்ற இன்னொரு நிறுவனத்தின் கப்பல்களிலும் ஒயின் கணக்கு இதேதான். ஆனால் அங்கே குளிர்பானம் பாட்டிலிலும் வரலாம்.

எல்லாவற்றையும் ஏறும் நாளன்றே, கைப்பையில் கொண்டுபோக வேண்டும். போர்ட்டரிடம் கொடுக்கும் பெட்டியில் வைத்தால் எக்ஸ்ரேயில் பாட்டில் பளிச்சென்று தெரியும். பெட்டியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள், மாற்று உடுப்பு கைக்கு வர ராத்திரியாகும். தூக்கி எறியும்போது டின் நசுங்கி, கோலா துணியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். 12 டின் நாலரைக் கிலோ இருக்கும். சக்கரம் வைத்த சின்னப் பெட்டியின் அடியில் நிற்கவைத்து அடுக்கி, மேலே துண்டைத் திணியுங்கள். விமானத்தில் வருபவர்கள் துறைமுகத்துக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்வதே மேல்.

ஒயினை அறையில் குடித்தால் செலவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனால் பாட்டில் திறக்கத் தனிக் கட்டணம் உண்டு. திருகு மூடி பாட்டிலாக வாங்கினால் கார்க் திருகி தேடி அலைய வேண்டாம்.

விஸ்கி, ரம்மை மவுத்வாஷ் பாட்டிலில் ஊற்றிக் கடத்தும் பழைய தந்திரம் ஊழியர்களுக்கு அத்துப்படி. பிடிபட்டால் கொட்டிவிடுவார்கள், காசும் திரும்பாது. வழியில் மெக்சிகோவின் கொசுமெல் போன்ற துறைமுகத்தில் நீங்கள் வாங்கிய மதுவை மட்டும் ஊழியர்கள் பத்திரமாக வைத்திருந்து, பயணத்தின் கடைசியில் திருப்பித் தருவார்கள்.